கதையில் ஒலிக்கும் செல்போனுக்கும் வயது உண்டு

மும்பைத் தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் கதைகள் இப்போது அடிக்கடி வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் பல 1995-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் நடக்கின்றன. அந்தக் காலத்தைச் சிறுபிள்ளைகளாகக் கடந்தவர்களும், அதற்குப் பிறகு பிறந்தவர்களும் இன்று அதை எழுதுகிறார்கள். இடங்களைப் பொறுத்தவரை அவர்கள் காட்டும் அக்கறை பாராட்டத் தக்கது. விக்டோரியா டெர்மினஸ் 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது என்பதையும், அதற்குப் பிறகும் நம் ஆட்கள் 'வி.டி.' என்றே சொல்லிவந்தார்கள் என்பதையும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் பாத்திரத்தின் சட்டைப்பையிலிருந்து தொலைபேசி வெளியே வரும் இடத்தில் மட்டும் காலம் சட்டென்று குழம்பிவிடுகிறது.

மாதிரிக்கு ஒரு வாக்கியத்தை நானே அமைத்துக் காட்டுகிறேன். 1997-இல் நடக்கும் கதை; மாட்டுங்காவில் கணக்கு எழுதும் வேலை பார்க்கும் இளைஞன். 'அவன் தன் பட்டன் போனை எடுத்து வீட்டு லேண்ட்லைனுக்கு அழைத்தான்.' தகவல் என்ற அளவில் இதில் பிழை காண்பது கடினம். அந்த ஆண்டு மும்பையில் செல்போன் இருந்தது, அதில் பொத்தான்களும் இருந்தன, வீட்டில் தொலைபேசியும் இருந்திருக்கலாம். இருந்தும் அந்த வாக்கியத்தை 1997-இல் எவரும் பேசியிருக்க முடியாது. தொடுதிரை வந்த பிறகுதான் பழைய கருவியைப் பிரித்துச் சொல்ல 'பட்டன் போன்' என்ற பெயர் நமக்குத் தேவைப்பட்டது. 1997-இல் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், கேட்டவர் வீட்டு மேசைமேல் இருந்த கருவியைத்தான் நினைத்திருப்பார். ஏனென்றால் அப்போது விரலால் சுழற்றும் டயல் போனுக்கு மாற்றாக வந்திருந்தது அதுவே. 'லேண்ட்லைன்' என்பதும் இதே வகை. செல்போன் பரவலாகும் வரை வீட்டில் இருந்தது வெறும் 'போன்'. பிறகு 'வீட்டு போன்' ஆயிற்று. இந்த இரு சொற்களும், பத்தாண்டு கழித்து என்ன வரப்போகிறது என்பதை அந்த இளைஞன் அறிந்திருப்பதாகக் காட்டிவிடுகின்றன.

இதை வெறும் தகவல் திருத்தமாக நான் கருதவில்லை. ஒரு பொருளுக்கு மக்கள் வைக்கும் பெயரில், அதை எதிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள், அதற்காக எவ்வளவு செலவழித்தார்கள், அதைக் கண்டு வியந்தார்களா சலித்தார்களா என்பதெல்லாம் அடங்கியிருக்கும். அந்தப் பெயர் தவறும்போது பாத்திரத்தின் மனமே தவறிப்போகிறது.

இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதே ஆண்டில் மும்பையில் பி.பி.எல். மொபைல், மேக்ஸ் டச் என்னும் இரண்டு நிறுவனங்கள் சேவையைத் தொடங்கின. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 ரூபாய் கட்டணம். வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. அதே நகரத்தின் பொதுத் தொலைபேசியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு உள்ளூரில் பேசிவிடலாம். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்துப் பாத்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதி விளங்கிவிடும். கையில் செல் ஒலிக்கும், திரையில் எண்ணைப் பார்ப்பான், 'கட்' செய்வான், தெருமுனை பி.சி.ஓ.வுக்கு, அதாவது காசு கொடுத்துப் பேசும் பொதுத் தொலைபேசிக்கு, நடந்துபோய் அதே எண்ணைத் திரும்ப அழைப்பான். வைத்திருந்தவர்கள் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் செய்த சாதாரணக் காரியம் அது. எனவே 1997-இல் ஒரு காதலன் செல்போனில் ஒரு மணி நேரம் கொஞ்சிக்கொண்டிருந்தால், அவன் தந்தையின் தொழில் என்ன என்பதையும் எழுத்தாளர் சொல்லியாக வேண்டும்.

அக்கால உரையாடலில் 'இன்கமிங்', 'அவுட்கோயிங்' என்ற இரண்டு சொற்கள் ஓயாமல் வந்ததற்கும் காரணம் இந்தக் கட்டணம்தான். 'இன்கமிங் ஃப்ரீயா?' என்ற கேள்விக்கு அப்போது உண்மையான கனம் இருந்தது. 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமான பிறகு அந்தக் கேள்வி மெல்ல மறைந்தது. ஆகவே 1999-இல் நடக்கும் கதையில் ஒருவர் 'எப்ப வேணும்னாலும் கூப்பிடு' என்று இன்னொருவரிடம் தாராளமாகச் சொன்னால், அது பெரிய அன்பின் வெளிப்பாடு. ஒவ்வொரு அழைப்புக்கும் தன் பணத்தைத் தருவதாக அவர் வாக்களிக்கிறார். இதை அறிந்து எழுதுகிறவருக்கு ஒற்றை வரியிலேயே ஒரு உறவைக் காட்டிவிட முடியும். 'மிஸ்ட் கால்' வேரூன்றியதும் இங்கிருந்துதான். எடுக்காத அழைப்புக்கு இரு பக்கமும் செலவில்லை. 'கீழே வந்ததும் ஒரு மிஸ்ட் கால் குடு' என்பதற்குள் ஒரு ஒப்பந்தமே இருந்தது.

செல்போனைச் சுற்றியிருந்த மற்ற ஏற்பாடுகளும் கதைக்குள் வர வேண்டும். தாராவி தொண்ணூறு அடி சாலையில் வெளியூருக்குப் பேச உதவிய எஸ்.டி.டி. பூத்துகளின் முன் இரவு 11 மணிக்கு மேல் ஆட்கள் நின்றிருப்பார்கள், அந்த நேரத்துக்குப் பிறகு கட்டணம் கால் பங்காகும் என்பதால். அவர்கள் அழைத்த எண் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மளிகைக் கடையுடையதாகவோ பக்கத்து வீட்டாருடையதாகவோ இருக்கும். அதற்கு 'பி.பி. நம்பர்' என்று பெயர். அந்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவரும் வரை, பூத்தின் கட்டண மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போகும். பலர் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போடுவார்கள். அம்மா மூச்சிரைக்க வந்து, 'ஏலே, சாப்டியா?' என்று கேட்பார். மகனிடம் செல் வந்த பிறகு இந்தக் கேள்வியின் முன்னால் இன்னொன்று சேர்ந்தது: 'செல்லுல இருந்தா பேசுத? காசு ஓடுமே, வச்சிருலே.' ஊரில் 'செல்லு' என்றார்கள். மும்பையில் இந்தியும் மராத்தியும் பேசுகிறவர்களோடு புழங்கிய எங்கள் வாயில் 'மொபைல்' தான் அதிகம் வந்தது. ஒரே குடும்பத்தில் தாயும் மகனும் ஒரே கருவியை இரு பெயரால் அழைக்கும் இந்த வேற்றுமையை நான் இதுவரை கதைகளில் பார்த்ததில்லை. யாராவது எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பேஜரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். செல்போன் வந்த அதே 1995-இல்தான் பேஜர் சேவையும் இங்கே தொடங்கியது. அழைப்பவர் ஒரு நிலைய ஊழியரிடம் செய்தியைச் சொல்லுவார். அது இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டியின் திரையில் தெரியும். வைத்திருப்பவர் உடனே ஒரு பி.சி.ஓ.வைத் தேடுவார். விற்பனைப் பிரதிநிதிகளும் மருத்துவர்களும் சில ஆண்டுகள் அதை நம்பியே ஓடினார்கள். கதாசிரியருக்கு இது பெரிய வாய்ப்பு: ஓர் அந்தரங்கச் செய்தியை அறிமுகமில்லாத மூன்றாம் மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய நிலை வேறெங்கே கிடைக்கும்?

அடுத்தது, கையும் விரலும் செய்யும் வேலை. 'பச்சைப் பொத்தானை அழுத்தினான்' என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. நோக்கியா 5110, 3210, 3310, 1100 ஆகிய நான்கும் நம்மூரில் பலர் கையில் இருந்தவை. அவற்றில் பச்சைப் பொத்தானும் இல்லை, சிவப்புப் பொத்தானும் இல்லை. திரைக்குக் கீழே நடுவில் ஒரு பெரிய பொத்தான் இருக்கும். அழைப்பு வரும்போது அதுவே எடுப்பதற்கு, பேசி முடித்தபின் அதுவே வைப்பதற்கு. பச்சையும் சிவப்பும் அதற்கு முந்தைய 1610 போன்ற வேறு மாடல்களில் இருந்தன. சட்டைப்பையில் 'அதிர்ந்தது' என்பதும் அப்படியே. 5110-இல் அதிர்வு வேண்டுமென்றால் அதற்கென்றே தனி பேட்டரி வாங்கிப் பொருத்த வேண்டும். உச்சியில் கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனா 1999-இல் வந்த 3210-இல் உள்ளே போய்விட்டது. 3310 வந்தது 2000-இன் இறுதியில். டார்ச் விளக்கு வைத்த 1100 வந்தது 2003-இல்.

குறுஞ்செய்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய கதைகளில் 2001-ஆம் ஆண்டுப் பாத்திரங்கள் நீண்ட தமிழ்க் கடிதங்களையே எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்புகிறார்கள். அப்போது நம் கையிலிருந்த கருவிகளில் தமிழை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டினோம். ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் எல்லை. 'வரேன்' என்ற சொல்லை அனுப்பிப் பாருங்கள்: 'வி'க்காக எட்டை மூன்று முறை, 'ஏ'வுக்காக இரண்டை ஒரு முறை, 'ஆர்' வர ஏழை மூன்று முறை, 'ஈ'க்கு மூன்றை இரண்டு முறை, 'என்'னுக்கு ஆறை இரண்டு முறை. ஐந்து எழுத்துக்குப் பதினொரு அழுத்தங்கள். கணிப்பு முறை என்று ஒன்று இருந்தாலும் அது ஆங்கிலச் சொற்களை மட்டுமே அறியும், நம் 'வரேன்' அதற்குத் தெரியாது. எனவே ஒரு பெண் இரவு முழுக்க யோசித்து 'வரேன்' என்று மட்டும் அனுப்பினாள் என்றால், அந்தச் சுருக்கத்துக்கு விரலின் உழைப்பும் ஒரு காரணம். செய்தியைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவதை நான் குறை சொல்லமாட்டேன். வாசகர் வசதிக்காக அப்படித்தான் செய்யவும் வேண்டும். நீளத்தை மட்டும் அந்தக் காலத்துக்கு அளந்து வைத்தால் போதும்.

நிறுவனப் பெயர்களில் தவறுவதற்கு இன்று சாக்கே இல்லை. மேக்ஸ் டச் 2000-இல் ஆரஞ்சு ஆனது, 2005-இல் ஹட்ச், 2007-இல் வோடஃபோன். 2003-இல் நடக்கும் மும்பைக் கதையில் வோடஃபோன் சிம் வாங்க முடியாது. 9820 என்று தொடங்கும் எண் ஆரஞ்சுக்காரருடையது, 9821 என்றால் பி.பி.எல். நகரத்தில் நம்பரைக் கேட்டவுடனே ஆளின் நிறுவனத்தைச் சொல்லிவிட முடிந்த காலம் அது. அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். 2001-இல் 'டால்பின்' என்ற பெயரில் இறங்கியது. 2003-இல் ரிலையன்ஸ் போன் தள்ளுவண்டிக்காரர் கையிலும் வந்துவிட்டது, அது சி.டி.எம்.ஏ. என்னும் வேறு தொழில்நுட்பம் என்பதால் அதற்குள் சிம் கார்டே கிடையாது. தடயத்தை அழிக்க நினைக்கும் குற்றவாளி அந்த போனிலிருந்து சிம்மைக் கழற்றி மாஹிம் கழிமுகத்தில் வீசினால், கதையும் சேர்ந்தே போய்விடும். வீட்டு எண்களில் கவனிக்க வேண்டியது, 2002 வரை மும்பையில் ஏழு இலக்கங்கள் மட்டுமே. பிறகுதான் முன்னால் ஒரு 2 சேர்ந்தது.

2005 ஜூலை 26 மழையைப் பலரும் எழுதுகிறார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த அந்த நாளில், நடுத்தர வர்க்கத்தார் பலரிடம் செல் இருந்தது. ஆனால் நெட்வொர்க் பல இடங்களில் செயலிழந்துபோனது, மின்சாரம் நின்றதால் பேட்டரியும் தீர்ந்தது. சயானில் இடுப்பளவு நீரில் நிற்கும் பாத்திரம் வீட்டாரோடு தடையில்லாமல் பேசிக்கொண்டே நடந்தால், அந்த இரவின் பயம் முழுவதும் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறது. காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அன்று கையிலிருந்த கருவியால் ஒரு பயனும் இல்லை.

'கைப்பேசி', 'அலைபேசி', 'செல்பேசி' ஆகிய சொற்களை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. நல்ல சொற்கள், நானும் கட்டுரைகளில் எழுதுகிறேன். கதைசொல்லி இன்றிலிருந்து பின்னோக்கிச் சொல்கிறவராக இருந்தால் அவருக்கு அவை பொருந்தும். பாத்திரத்தின் மனத்துக்குள் இருந்து சொல்லும் படர்க்கை நடையிலோ, 1998-இன் தாராவி இளைஞன் 'கைப்பேசியை எடுத்தான்' என்பது உறுத்துகிறது. அவன் மனத்தில் அந்தச் சொல் இல்லை. உரையாடலில் அது வரவே கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாடல் எண், கட்டணம், விளம்பரம் என்று அனைத்தையும் கொட்டி நிரப்பும் கதைகளும் சில உண்டு; அவையும் காலத்தைத் தவறவே விடுகின்றன, ஏனென்றால் தன் கையில் இருப்பது என்ன மாடல் என்று எவரும் ஒவ்வொரு முறையும் நினைப்பதில்லை. கடையில் வாங்கும்போது நினைப்பார்கள், தொலைத்துவிட்டால் நினைப்பார்கள், மனீஷ் மார்க்கெட்டில் பேரம் பேசும்போது நினைப்பார்கள். மற்ற நேரத்தில் அது 'போன்' தான். 'போன் அடிச்சுது', 'போன் போட்டேன்', 'போனை வச்சிட்டான்' என்பவை டயல் காலத்திலும் சரி, இன்றும் சரி, ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஐயம் வரும் இடத்திலெல்லாம் நான் அந்த வெறும் சொல்லையே எழுதுகிறேன். வீட்டு போனா, கையில் உள்ளதா என்று பிரித்துச் சொல்லியே ஆக வேண்டிய இடங்களில் மட்டும், அந்த ஆண்டில் அந்தத் தெருவில் அதை எப்படிப் பிரித்திருப்பார்கள் என்று, அப்போது பி.சி.ஓ. வைத்திருந்த ஒருவரிடமே கேட்டுவிடுகிறேன். அவர்களில் பலர் அதே கடையில் இன்று ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்கள். கேட்டால் ஆசையாகச் சொல்கிறார்கள்.