மணிக்கு வரி

போன வாரம் மணிக்கு வரி கட்டச் சொல்லி நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மணி எங்கள் நாய். ஜெர்மனியில் நாய் வளர்த்தால் வருடா வருடம் வரி உண்டு. காட்பாடிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னாடா இது, நாய்க்கு வரியா? நம்ம தெருவுல கீற நாய்ங்களுக்கெல்லாம் கட்டினா ஊரையே விக்கணும்" என்றார் அம்மா.

வாராவாரம் மணியை நாய்ப் பயிற்சிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன், அதற்கும் காசு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

நூரம்பெர்க்குக்கு வந்து ஆறு வருடம். பனியில் வழுக்காமல் நடக்கவும், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே தயிர் வாங்கி வைக்கவும் பழகிவிட்டது. இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மணி வந்து அந்த நினைப்பைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனது. வாசற்படி இறங்கியதுமே தேர்வடம் பிடிக்கிற மாதிரி ஓர் இழுப்பு.

பயிற்சி கொடுக்கும் பெண்மணியிடம், மணி இழுக்கும்போது கயிற்றை வெடுக்கென்று சுண்டினால் என்ன என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வை! கழுத்தில் முள்பட்டை போட்டுப் பழக்குவதற்கு 2022-லேயே இங்கே தடை வந்துவிட்டது. "கயிறு விறைத்தால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள்" என்றார். முதல் நாள் தெருமுனைக்குப் போகவே 20 நிமிடம். இரண்டடி வைப்பேன், கயிறு விறைக்கும், விளக்குக் கம்பம் மாதிரி நிற்பேன். தோல் கயிறு அது. வீட்டுக்கு வந்து உள்ளங்கையை முகர்ந்தால், ராணிப்பேட்டை டேனரியில் பதனிட்ட தோலை அடுக்கிவிட்டு வரும் அப்பாவின் சட்டை வாசனை.

அப்புறம், கவனப் பாடம். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முகத்தைப் பார்த்த நொடியே பட்டாணி அளவு சீஸ். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்பாடியிலும் ஒரு மணி இருந்தது. கயிறும் கிடையாது, பட்டையும் கிடையாது. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினால் பெடலை ஒட்டியே வரும். "மணி" என்பார், அது நிமிரும், ஒரு துண்டு பொறை ரொட்டி விழும். அடுத்த முக்கில் மறுபடி. ஒரே ஒரு பொறையை டீக்கடை வரைக்கும் பிய்த்துப் பிய்த்துப் போடுவார். கஞ்சத்தனம் என்று அம்மா திட்டுவார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று பழைய நகரத்து மதிலை ஒட்டிய அகழியில் பயிற்சி. இங்கே அகழியில் தண்ணீர் இல்லை, உள்ளே இறங்கி நடக்கலாம். வேலூர்க் கோட்டை அகழியில் இப்படி நடக்க முடியுமா? எப்போதும் பச்சைத் தண்ணீர். ஞாயிறு சாயங்காலம் கரையில் அப்பா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார், எனக்கு ஒரு கை, அப்புறம்...

"பார்க்கிறான், பார்க்கிறான்!" என்று அந்தப் பெண்மணி கத்தினார்.

குனிந்தேன். கயிறு தொளதொளவென்று தொங்க, மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாக்கெட்டில் கைவிட்டு சீஸை எடுப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு புறா வந்து இறங்கியது.