ஆரஞ்சு விளக்கு

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு கம்பெனிக்குள் நுழையும்போதே வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் நிறுத்தினார். "தம்பி, நேத்து மத்தியானம் உங்க ரூமு என்னா கத்து கத்துச்சுங்க! அப்புறம் சத்தம் பாதியாக் கொறைஞ்சு போச்சு. நான் சாவி எடுத்துக் கதவத் தொறந்து, கேட்டுல இருந்த ஃபேனைத் தூக்கிட்டுப் போயி வச்சேன். உங்க நம்பர் எங்கிட்ட இல்லீங்க."

சத்தம் பாதியாகக் குறைந்தது என்றதுமே வயிற்றைக் கலக்கியது. உள்ளே ஏதோ ஒரு மிஷின் நின்றிருக்கிறது.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் அது. சர்வர் ரூம் பத்துக்கு எட்டு அடி. ஒரு ரேக், மூன்று சர்வர், ஒரு யூபிஎஸ், ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. மே மாதம், கத்திரி வெயில். ஞாயிறு மதியம் கரன்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் இருந்ததால் சர்வர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஏசி யூபிஎஸ்ஸில் இல்லை. கரன்ட் திரும்பியபோது அது தானாக ஓடவில்லை. யாராவது ரிமோட்டை அழுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் இருக்கிறார்கள்?

மூன்றில் நின்று போனது ஒன்றுதான், ஆனால் ஆர்டர், கட்டிங், பேக்கிங் எல்லாம் அதில்தான் இருந்தன. பட்டனை அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டது. டிஸ்பாட்ச் செக்‌ஷனில் பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் ஆனது. எல்லோரும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினார்கள். முகப்பில் ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

திரையில் ஐந்து எச்சரிக்கைகள். நுழையும் காற்றின் வெப்பம் எல்லை தாண்டியது, முதல் பிராசசர் சூட்டில் டிரிப் ஆனது, நான்காவது ஃபேன் வேகம் குறைவு, ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் பேட்டரி, ஒரு மெமரி ஸ்டிக்கில் மிஷின் தானே திருத்திக்கொண்ட பிழை. அறை அப்போது 24 டிகிரி. பிராசசர் 50ஐத் தொடவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். ஐந்தும் அப்படியே இருந்தன.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "ஓடுதுல்ல? லாகை அழிச்சுட்டா விளக்கு அணைஞ்சுடும்தானே? அழிச்சுருங்க." பதற்றமான மனிதருக்கு அது நியாயமான கேள்விதான். நான் மறுத்தேன். லாக் என்பது மிஷின் தானே நேரத்தோடு எழுதி வைக்கும் குறிப்பு. என்ன நடந்தது என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. முதல் வேலையாக அதை முழுவதும் ஒரு ஃபைலில் எடுத்து என் லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன். யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: எதைத் தொடுவதற்கும் முன்னால் லாகை எடுத்து வையுங்கள்.

ரீஸ்டார்ட் ஏன் உதவவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சர்வர் போர்டில் பிஎம்சி என்று இன்னொரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. டெல் தன்னுடையதை ஐடிராக் என்கிறது, எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇ ஐலோ என்கிறது. ஃபேன், வெப்பம், மின்சாரம் எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். சர்வரை அணைத்தாலும் அது அணையாது. ஒயர் செருகியிருக்கும் வரை ஸ்டாண்ட்பை கரன்டில் விழித்தே இருக்கும். நாம் ரீஸ்டார்ட் செய்வது பெரிய மிஷினை மட்டும்தான். நேற்றைய சூட்டை மனதில் வைத்திருக்கும் சின்ன மிஷினை நாம் தொடவே இல்லை.

லாகில் டிரிப் ஆன நேரம் காலை 9.10 என்று இருந்தது. காலையில் கரன்டே போகவில்லையே! வாட்ச்மேன் அண்ணன் மத்தியானம் என்கிறார். அரை மணி நேரம் குழம்பினேன். பிறகு அவருடைய ஜெனரேட்டர் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சாய்ந்த கையெழுத்தில் "1.05 கரன்ட் ஆப். 1.25 வந்தது. 2.40 கம்யூட்டர் ரூம் சத்தம் குறைவு" என்று எழுதியிருந்தார். 9.10க்கும் 2.40க்கும் ஐந்தரை மணி நேரம். பிஎம்சியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதை மாற்றவில்லை. அந்த நோட்டு இல்லையென்றால் நான் தவறான நேரத்தில் தேடிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு சர்வரை முறைப்படி அணைத்தோம். உதவிக்கு இருந்த பையன் "ஒயரை உருவிட்டேண்ணா" என்றான். பின்னால் போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு எரிகிறது. பவர் சப்ளை இரண்டு இருக்கும், இரண்டு ஒயரையும் உருவ வேண்டும். உருவிவிட்டு, மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகினோம். காற்று எச்சரிக்கையும் பிராசசர் எச்சரிக்கையும் போய்விட்டன. அவை பழைய நினைவு மட்டும்தான். ரெய்டு பேட்டரி இரவெல்லாம் சார்ஜ் ஏறி, விடிந்தபோது சரியாகிவிட்டது.

நான்காவது ஃபேனின் எச்சரிக்கை மட்டும் போகவில்லை. போனது போல இருந்து, லோடு ஏறியதும் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தது.

பழைய லாகை அப்போதுதான் பொறுமையாக மேலிருந்து படித்தேன். ஒவ்வொரு வரியிலும் எச்சரிக்கை எழுந்ததா, தணிந்ததா என்று இருக்கும். காற்று வெப்பம் எழுந்து தணிந்திருந்தது. ஃபேன் வரியோ எழுவதும் தணிவதுமாக வந்துகொண்டே இருந்தது, பிப்ரவரி மாதத்திலிருந்தே. மூன்று மாதமாக அந்த மிஷின் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த எச்சரிக்கைகள் மெயிலாகப் போன முகவரியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் வேலை பார்த்து, விலகிப் போனவருடைய முகவரி.

மூடியைத் திறந்தோம். நான்காவது ஃபேனுக்கு நேர் பின்னால் முதல் பிராசசர். ஒரே அறை, ஒரே சூடு, மூன்று சர்வரில் இது மட்டும் ஏன் நின்றது, அதிலும் முதல் பிராசசர் மட்டும் ஏன் டிரிப் ஆனது என்பதற்கு விடை அங்கேயே இருந்தது. பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் தகடுகளின் இடையில் பஞ்சு அடைந்திருந்தது. பனியன் கம்பெனியின் பஞ்சு, விரலால் இழுத்தால் பட்டையாகவே உரிந்து வந்தது. ஃபேனைக் கழற்றி இறக்கையை விரலால் சுழற்றினேன். மற்றவை வழுக்கிக்கொண்டு சுற்றின. இது உள்ளே மணல் இருப்பது போல நரநரவென்று சுற்றி, ஒன்றரைச் சுற்றில் நின்றது.

ஆனாலும் குறை ஃபேனிலா, போர்டிலா என்று தெரியாமல் ஆர்டர் போட முடியாது. நான்காவதை இரண்டாம் இடத்திலும் இரண்டாவதை நான்காம் இடத்திலும் மாற்றிப் போட்டோம். மறுநாள் எச்சரிக்கை இரண்டாம் இடத்துக்கு மாறியிருந்தது. சரி, ஃபேன்தான்.

புதியது வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் விளக்கு எரிந்தது. மெயில்கள் என் முகவரிக்கு வந்தன, ஃபில்டர் போடாமல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். புது ஃபேன் போட்டு, பிராசசரின் மேல் சூடு கடத்தப் பூசியிருந்த காய்ந்த பேஸ்ட்டை வழித்துப் புதிது வைத்த பிறகுதான் லாகைச் சுத்தமாக அழித்தேன். விளக்கு நீலத்துக்கு வந்தது.

மெமரி பிழை மட்டும் இன்னும் முடிந்த கதையில்லை. ஸ்டிக்கை இடம் மாற்றிப் போட்டேன், ஒரு மாதம் அமைதி, பிறகு மறுபடி ஒன்று. அதனால் அந்த ஸ்டிக்குக்கு மாற்று ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். சூடு பட்ட மிஷினை நான் முழுதாக நம்புவதில்லை. போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு.

ஏசியைத் தானாக ஓடும்படி மாற்றினோம். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்கிறது. ரேக்கின் முகப்பில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டினேன். என் நம்பரைப் பெரிதாக எழுதி வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தேன். ஜெனரேட்டர் நோட்டில் அவரே ஒரு கோடு இழுத்து, "ரூம் சூடு" என்று தலைப்புப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடக் கத்திரியில், ஒரு ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு போன். "தம்பி, இருவத்தொம்பது காட்டுதுங்க. கரன்ட் வந்தும் ஏசி எடுக்கல. நானே அமுக்கிட்டேன், ஓடுது. கதவச் சாத்தட்டுங்களா?"

வீட்டிலிருந்தே மூன்று சர்வரையும் பார்த்தேன். 29, 29, 30. "சாத்துங்கண்ணா" என்றேன். இருபது நிமிடத்தில் மூன்றும் 25க்கு இறங்கின.