கப்ளருக்குள் போன தண்ணீர்

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் கார்களில் ஒன்றிரண்டு பளிச்சென்று இருக்கும். பானட்டைத் தூக்கினால் உள்ளேயும் அதே பளபளப்பு. ஆனால் இன்ஜின் மிஸ்ஸிங். ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்கும், டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரியும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு தம்பி" என்பார்கள். ஸ்பார்க் பிளக் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி அந்தக் குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில், முந்தின நாள் இன்ஜினைக் கழுவிய தண்ணீர் நிற்கும். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் தண்ணீர் வழியாக இன்ஜின் உடம்புக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான் நோய்.

இது எளிய கேஸ். ஏர் அடித்து உலர்த்தினால் அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். என்னை உறுத்துவது இன்னொரு வகை. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். புதுப்பேட்டையில் வயரிங் கற்றுக்கொண்டு, இப்போது மேடவாக்கம் பக்கம் வேலை செய்கிறேன். தண்ணீர் பட்ட அன்று ஒன்றும் ஆகாமல், இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து நிற்கும் வண்டிகள்தான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. ஏசி சில நேரம் வேலை செய்யாது, சிக்னலில் நின்றால் இன்ஜின் ஆஃப் ஆகும், கோளாறைக் காட்டும் ஸ்கேனரில் போட்டால் ஏதோ ஒரு சென்சாரின் பெயர் வரும். சென்சாரை மாற்றினாலும் தீராது. கடைசியில் அந்த சென்சாருக்குப் போகும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வாட்டர் சர்வீஸ் விட்டது வண்டிக்காரருக்கு அதற்குள் மறந்தே போயிருக்கும்.

ஏன் அப்படி? வண்டி ஓடி வந்து நிற்கும்போது கப்ளருக்குள் இருக்கும் காற்றும் சூடாக இருக்கும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீரை அடித்தால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். ரப்பர் சீல் சூட்டில் வெந்து கெட்டியாகியிருந்தால், ஓரத்தில் நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. பல சென்சார்கள் 5 வோல்ட்டுக்குள் வேலை செய்கிறவை. களிம்பால் அரை வோல்ட் குறைந்தாலே வண்டியின் கம்ப்யூட்டர் தப்பாகப் புரிந்துகொள்ளும்.

சென்னையில் இதில் இன்னொரு சங்கடம், தண்ணீரே உப்பு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடல் காற்று போதாதென்று, பல வீடுகளில் காரைக் கழுவுவது போர் தண்ணீரில். காய்ந்த பிறகு பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்குமே, அதே உப்புதான் கப்ளருக்குள்ளும் தங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மூழ்கிய வண்டிகளை நாங்கள் பிரித்தபோது கண்டதும் இந்தப் பச்சைதான். வெள்ளத்தை நம்மால் தடுக்க முடியவில்லை. வீட்டு வாசலில் ஓஸ்பைப் பிடிப்பது நம் கையில்தானே இருக்கிறது?

அதற்காக இன்ஜினைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுத்தமாக வைத்திருக்கத்தான் வேண்டும். காரணம் அழகு இல்லை. அழுக்கும் ஆயிலும் அப்பிக் கிடக்கும் இன்ஜினில் புதிய கசிவு கண்ணில் படாது. துடைத்து வைத்த இன்ஜினில், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒரு சொட்டு வழிந்தாலும் அடுத்த வாரமே இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ ஒரு கறை காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வால்வு கவர் கேஸ்கட்டில் ஆயில் கசிந்தால் அந்த ஓரம் மட்டும் ஈரமாக மினுங்கும். பார்ப்பதற்காகச் சுத்தம் செய்கிறோம் என்று மனதில் வைத்துக்கொண்டால் தண்ணீரின் அளவு தானாகவே குறைந்துவிடும். ஈரத்துணியால் துடைப்பதே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் நேரம், காலையில் வண்டி எடுப்பதற்கு முன். ராத்திரி முழுக்க நின்று இன்ஜின் ஆறியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் கூலன்ட்டே சுமார் 90 டிகிரி. புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிடப் பல மடங்கு சூடு. அதன் மேல் தண்ணீர் பட்டால் உலோகத்துக்கும் கெடுதல், பக்கத்தில் நிற்கும் கைக்கும் கெடுதல். காலையில் செய்தால் உலர்வதற்கு சென்னை வெயிலும் கூட நிற்கும்.

அடுத்தது பேட்டரி. கையில் மோதிரம், காப்பு, வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ், அதாவது கறுப்பு வயர். திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. இந்த வரிசையை மாற்றவே கூடாது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்து, அதன் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். பேட்டரி பக்கம் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அங்கே பொறி பறக்கவே கூடாது. நெகட்டிவைக் கழற்றுவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சில வண்டிகளில் சாவி ஆஃபில் இருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும். பிறகு கடிகாரத்தையும், சில வண்டிகளில் பவர் விண்டோவையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் பெட்டி, காயில்கள், காற்று உள்ளே போகும் வாய், இவற்றுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். வேலை முடிந்ததும் எல்லாக் கவரையும் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று இன்ஜினில் சுற்றும் பெல்ட்டில் மாட்டினால் போதும், வேறு வினை வேண்டாம்.

அப்புறம் பிரஷ்தான். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று, வாய் குறுகிய இடத்துக்கு டூத் பிரஷ் ஒன்று. முதலில் உலர்ந்தபடியே மண்ணைத் தட்டி எடுத்துவிட வேண்டும். ஆயில் பிசுக்குள்ள இடத்தில் மட்டும் பிசுக்கை நீக்கும், தண்ணீரில் கரையும் டீகிரீசரைத் துணியில் எடுத்துத் தேய்த்து, காய விடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெல்ட்டில் படக் கூடாது, பட்டால் வழுக்கிக் கத்தும். துணி சோடா வேண்டாம், அலுமினியம் கறுத்துப்போகும். துடைக்க நூல் பிரியாத பழைய பனியன் துணி நல்லது.

பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில பட்டறைகளில் இன்றும் பெட்ரோல் நனைத்த துணியால் இன்ஜினைத் துடைக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கக் கூடியது. சென்னை மே மாதத்தில், பேட்டரி மாட்டியிருக்கும் வண்டியில் அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் அவ்வளவு சீக்கிரம் பற்றாது, ஆனால் கூலன்ட் ஓஸ்களை ஊறி உப்ப வைத்துவிடும்.

பிரஷர் வாஷர் வாங்கி வைத்திருப்பவர்கள் "கனெக்டர் எல்லாம் வாட்டர்ப்ரூஃப்தானே அண்ணா?" என்று கேட்பார்கள். கனெக்டர் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடுதான் ஐபி. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்று பொருள். மூழ்குவது வேறு, பக்கவாட்டிலிருந்து 100 பார் அழுத்தத்தில் ஊசி போல் அடிப்பது வேறு. அந்த அடிக்குத் தனியாக ஐபி69கே என்ற தரம் இருக்கிறது. நம் வண்டியில் எந்தக் கப்ளர் எந்தத் தரம் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் பத்து வருடம் வெந்த சீலுக்கு? ஹைப்ரிட் வண்டி, மின்சார வண்டி என்றால் உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிற வயர்கள் ஓடும் இடத்தில் ஓஸும் வேண்டாம், பிரஷும் வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்கள் தொட வேண்டிய இடம்.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளம். சென்னைத் தெருக்களில் வேப்பமரத்தடியிலும் தூங்குமூஞ்சி மரத்தடியிலும்தான் நிழலுக்கு வண்டியை விடுகிறோம். இலையும் பூவும் அந்தப் பள்ளத்தில் விழுந்து மட்கி, வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் அங்கே தேங்கும் தண்ணீர், ஏசி காற்றுக்கான வழியில் இறங்கிக் காருக்குள்ளே வந்துவிடும். காலடியில் கார்ப்பெட் ஊறிய பிறகுதான் எங்களிடம் வருவார்கள். இன்ஜினுக்கு நேரமில்லை என்றாலும் புரட்டாசிக்குள் இந்த இலைகளையாவது கையால் அள்ளிவிடுங்கள்.

கை வைக்கும்போது கிளவுஸும் மாஸ்க்கும் அவசியம். பானட்டுக்கு அடியில் எலி கூடு கட்டுவது இங்கே சாதாரணம். எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். புழுக்கையை உலர்ந்தபடி தட்டாமல், கிருமிநாசினி தெளித்து நனைத்து எடுக்க வேண்டும். ஆயில் தோய்ந்த துணிகளைக் கட்டி வையுங்கள், எங்களைப் போன்ற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், கழிவு ஆயிலோடு சேர்த்து அனுப்பிவிடுவோம். வாசலில் இருக்கும் மழைநீர் வடிகாலில் அலசி விட்டால் அது அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ அப்படியே போகும், நடுவில் சுத்திகரிப்பு எதுவும் இல்லை.

திருவான்மியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். முன்பெல்லாம் ஒவ்வொரு சர்வீஸிலும் இன்ஜின் வாஷ் வேண்டும் என்பார். நான் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே துணியோடு துடைக்க ஆரம்பித்தார். ஒருநாள் போட்டோ அனுப்பி, "தம்பி, வாட்டர் பம்ப் பக்கத்துல ரோஸ் கலர்ல பொரிஞ்சு நிக்குது, போன மாசம் இல்ல" என்றார். கூலன்ட்தான். "ஆறுன பிறகு லெவல் பாருங்க சார், குறைஞ்சிருந்தா ஓட்டிட்டு வராதீங்க, நான் வரேன்" என்றேன். பம்ப் மட்டும் மாற்றியதோடு போயிற்று. கவனிக்காமல் ஓட்டியிருந்தால் இன்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதியான ஹெட் வரைக்கும் இறக்க வேண்டி வந்திருக்கும். இப்போது அவர் அதே இடத்தை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார். எங்கள் கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கும் அந்தப் போட்டோக்களைத்தான் முதலில் காட்டுகிறேன்.