ஒரு பேரிங்கில் தொடங்கிய வேலை

இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பிரிவில் இருந்தேன். அங்கே ஸ்டோரில் ஏறத்தாழ 9,000 வகை உதிரிபாகங்கள் இருந்தன. அவற்றின் கணக்கைப் பல வருடங்களாகச் சுமந்துவந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும் பொறுப்பு எங்களிடம் வந்தது. குழுவில் நாங்கள் நான்கு பேர், அவகாசம் பதினான்கு மாதம்.

பெரிய வேலையைப் பார்த்து மலைக்கக் கூடாது, சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை மனதார நம்பினேன். எளிதானதில் தொடங்கினோம். உள்நுழையும் திரை, பயனர் பட்டியல், சப்ளையர் பட்டியல், துறைகளின் பட்டியல், பிறகு அறிக்கைகளின் வடிவம். வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று முடிந்தது. ஏழாவது மாதம் என் அறிக்கையில் அறுபது சதவீதம் என்று எழுதினேன். அதில் பொய் இல்லை, எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்.

அந்த வாரம்தான் ஸ்டோர் பொறுப்பாளரிடம் முதன்முறையாகக் காட்டினோம். முப்பது வருட அனுபவம் உள்ளவர். எல்லாத் திரைகளையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இதுல ஒரு பேரிங்கை உள்ள வாங்கி, வெளிய குடுத்து, மிச்சம் எத்தனைன்னு காட்டு பார்ப்போம்."

காட்ட முடியவில்லை. சரக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் அடுத்த கட்டத்தில் என்று எழுதி வைத்திருந்தோம். நிர்வாகம் வேலையை நிறுத்தி வைத்தது.

அந்த இடைவெளியில் என்னை அதிகம் உறுத்தியது தோல்வி அல்ல. சின்ன அடிகள் எடுத்து வைக்கச் சொன்னார்கள், எடுத்து வைத்தோம். அப்படியும் ஏன் எங்கேயும் போய்ச் சேரவில்லை? பல நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. எங்கள் அடிகள் சின்னவைதான், ஆனால் ஒன்றுகூடப் போக வேண்டிய திசையில் விழவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு இவ்வளவு தூரம் நடந்தோம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறோம். கஷ்டமான பகுதி முழுவதும் தொடாமல் அப்படியே கிடந்தது.

அனுமதி திரும்பக் கிடைத்தபோது ஸ்டோர் பொறுப்பாளரிடம் போனேன். "சார், நீங்க கேட்ட அந்த ஒண்ணை மட்டும் செய்யறோம். எந்தப் பேரிங்?" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் "6205" என்றார். இயந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்தான் பேரிங், 6205 அதில் ஒரு வகையின் எண். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52. மோட்டார், பம்ப் என்று எங்கே திரும்பினாலும் இருக்கும். ஸ்டோரில் தினமும் கைமாறும் பொருள் அதுதான்.

திட்டம் இதுதான்: அந்த ஒரு பொருளுக்கு மட்டும் சரக்கு வரவு, பின் கார்டு (ராக்கில் வைக்கும் கையிருப்பு அட்டை), இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு), வழங்கல், கையிருப்பு, மாதக் கடைசி மதிப்பு என்று தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் ஓட வேண்டும். மூன்று வாரம் கேட்டேன். "9,000 பொருளில் ஒன்றுக்கு மூன்று வாரமா?" என்றார் மேலாளர். நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது பதில் இல்லை.

பதில் முதல் நாளே கிடைத்தது. பழைய மென்பொருளில் 6205-க்கு ஒரே ஒரு குறியீடு. ஆனால் ராக்கில் மூன்று இடங்களில் மூன்று வகை இருந்தன: திறந்த வகை, இருபுறமும் உலோக மூடி போட்ட இசட்இசட் வகை, இருபுறமும் ரப்பர் சீல் போட்ட 2ஆர்எஸ் வகை. அளவு மூன்றுக்கும் ஒன்றே. ஈரமும் தூசியும் உள்ள இடத்துக்கு ரப்பர் சீல்தான் ஏற்றது, அங்கே திறந்த வகையைப் போட்டால் சீக்கிரமே கெட்டுவிடும். எந்த இயந்திரத்துக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பது ஸ்டோர் பொறுப்பாளர் மனதில் மட்டுமே இருந்தது. அவர் விடுப்பில் போன நாட்களில் என்னென்ன தவறு நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது விஷயம் இரவு ஷிஃப்ட். இரவில் ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி மேற்பார்வையாளரிடம். அவசரத்துக்குப் பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள், சீட்டு மறுநாள் காலையில் வரும். சில சமயம் சரக்கு வரவையே பதிவு செய்திருக்க மாட்டார்கள், அதற்குள் பொருள் இயந்திரத்துக்குள் போயிருக்கும். கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகவே கூடாது என்பது நாங்கள் முதல் வடிவமைப்பில் பெருமையாக எழுதிய விதி. அந்த விதி இருந்திருந்தால் தினமும் காலையில் ஸ்டோர் நின்றுபோயிருக்கும்.

மூன்றாவது, நான்கு கேட்டு வாங்கி மூன்றைப் போட்டுவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது. அதற்கு எங்களிடம் திரையே இல்லை.

இந்த மூன்றையும் 9,000 பொருட்களை ஏற்றிய பிறகு சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

சிறு வெற்றிகளைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் கார்ல் வெய்க் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரச்சினையை மிகப் பெரிதாக வரையறுத்துக்கொண்டால் மனிதர்கள் திகைத்து நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அது பலருக்கும் தெரிந்த பகுதி. அவர் கொடுத்த வரையறைதான் எனக்கு முக்கியம்: சிறு வெற்றி என்பது கண்ணால் பார்க்கக்கூடியதாக, முழுமையானதாக, நடைமுறைக்கு வந்துவிட்டதாக இருக்க வேண்டும். எங்கள் சப்ளையர் பட்டியல் நடைமுறைக்கு வரவில்லை, அதை யாரும் பயன்படுத்தவில்லை. 6205 வந்தது. மாதக் கடைசியில் மென்பொருள் 38 என்று காட்டியது. பின் கார்டில் 38, ராக்கில் எண்ணினால் 38. ஸ்டோர் பொறுப்பாளர் இரண்டு தடவை எண்ணினார். பிறகு உள்ளே இருந்த உதவியாளர்களைக் கூப்பிட்டு, "வந்து பாருங்கப்பா" என்றார். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை விடப் பெரியது எதுவும் இல்லை.

அடுத்து எந்தப் பொருள்? இங்கேதான் மறுபடி வழி தவறியிருப்போம். 6206, 6207 என்று அதே மாதிரிப் பொருட்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கலாம். எண்ணிக்கை வேகமாக ஏறும், புதிதாக எதுவும் தெரியவராது. அதனால் இன்னும் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கிளப்பும் பொருளாகப் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தோம். இரண்டாவது பொருள் எண்ணெய்: 210 லிட்டர் பேரலில் வரும், லிட்டர் கணக்கில் போகும். மூன்றாவது கேபிள்: சுருளாக வரும், மீட்டரில் வெட்டிக் கொடுப்பார்கள், கடைசியில் எதற்கும் உதவாத துண்டு மிஞ்சும். நான்காவது, பழுதுபார்த்துத் திரும்ப ஸ்டோருக்கே வரும் மோட்டார்.

நிலவுப் பயணத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த முறை எனக்கு இன்னும் தெளிவானது. 1961 மே 25 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நிலவை இலக்காக அறிவித்தபோது, அமெரிக்கர்களின் மொத்த விண்வெளி அனுபவம் ஆலன் ஷெப்பர்டின் 15 நிமிடப் பயணம் மட்டும்தான். அடுத்து 1965, 1966 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மனிதர்களோடு பத்து ஜெமினி பயணங்கள், நிலவுக்குப் போவதற்கான ஒத்திகைகள். இரண்டு வாரம் மனித உடல் தாங்குமா என்று ஜெமினி 7 பார்த்தது. இரண்டு கலங்களை விண்வெளியில் இணைக்க முடியுமா என்று ஜெமினி 8 பார்த்தது. ஜெமினி 9-இல் கலத்துக்கு வெளியே வேலை செய்யப் போன யூஜின் செர்னன் களைத்துப்போனார், முகக்கவசத்தில் ஆவி படிந்து பார்வையே மறைந்தது. அந்தக் கேள்வி அப்படியே நின்றது. நீருக்கடியில் பயிற்சி, கைப்பிடி, கால் பதிக்கும் இடம் என்று சரிசெய்துகொண்டு போன பிறகு, ஜெமினி 12-இல் பஸ் ஆல்ட்ரின் வெளியே நிதானமாக வேலை செய்து காட்டினார். இவற்றில் எதுவும் நிலவின் பக்கம்கூடப் போகவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் நிலவுக்குப் போகத் தேவையான ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தது.

எங்களுக்குப் பதினொரு பொருட்கள் தேவைப்பட்டன, ஐந்து மாதம் ஆனது. மீதி இருந்த கிட்டத்தட்ட 9,000 பொருட்கள் ஏழு வாரத்தில் ஏறிவிட்டன. கேள்விகள் தீர்ந்திருந்தன, தட்டச்சு வேலைதான் பாக்கி.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஏழு மாதத்தில் என் குழுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். இரண்டாவது முறை யாரும் போகவில்லை, வேலையோ முன்பைவிடக் கடினம். தெரேசா அமாபிலே, ஸ்டீவன் கிராமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 7 நிறுவனங்களில் 238 பேரின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார்கள். அர்த்தமுள்ள வேலையில் முன்னேற்றம், அது சிறியதே ஆனாலும், மனிதர்களுக்கு உற்சாகம் தரும் காரணங்களில் முதலில் நிற்கிறது என்று கண்டார்கள். 'அர்த்தமுள்ள' என்ற சொல்லை விட்டுவிட்டு இதைப் படிக்கக் கூடாது. எங்களுக்கு முதல் ஏழு மாதமும் முன்னேற்றம் இருந்தது. அது யாருக்கும் பயன்படவில்லை என்று குழுவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

சின்ன அடிகளுக்கும் ஒரு எல்லை உண்டு. பழைய மென்பொருளையும் புதியதையும் சேர்த்து ஓட்டியதில் ஸ்டோர் ஊழியர்கள் ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. எல்லாம் தயாரான பிறகும் நான் அதை இரண்டு மாதம் இழுத்தேன். இன்னும் ஒரு சோதனை, இன்னும் ஒரு வாரம் என்று. கொஞ்சம் கொஞ்சமாகப் போவது அவ்வளவு பாதுகாப்பாக இருந்தது. அதன் சுமை என் தலையில் விழவில்லை, அவர்கள் தலையில் விழுந்தது. அதற்காக இன்றும் வருந்துகிறேன். 1968 டிசம்பரில் மனிதர்கள் முதன்முதலாக ஏறிய சாடர்ன் 5 ராக்கெட்டே அப்போலோ 8-ஐ நேராக நிலவைச் சுற்ற அனுப்பியது. அத்தனை சிறு படிகளுக்குப் பிறகு அப்படி ஒரு பெரிய தாவல். எங்களுக்கும் ஒரு சனி, ஞாயிறு வந்தது. ஸ்டோரை மூடி, எல்லாவற்றையும் எண்ணி, பழையதை நிறுத்தினோம். திங்கள் காலையில் திரும்பிப் போக வழி இல்லை.

சென்ற மாதம் அடுத்த பொறுப்பு வந்திருக்கிறது. எந்த இயந்திரம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம், எல்லா இயந்திரங்களுக்கும். நான் நேராக ஸ்டோருக்குப் போய், முதலில் ஒரே ஒரு மோட்டார் வேண்டும், எதை எடுக்கலாம் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் கணினியில் 6205 2ஆர்எஸ் வழங்கல் பட்டியலைத் திறந்து, விரலால் கீழே கீழே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"தண்ணி தெறிக்கிற இடத்துல இருக்கே, அந்தப் பம்ப் மோட்டார். இந்த வருசம் மட்டும் நாலு பேரிங் தின்னிருக்கு. அதுல ஆரம்பிங்க தம்பி."

அதிர்வை அளக்கும் கருவியை அதில் நாளைக் காலையில் பொருத்துகிறோம்.