க்வாட் 303க்கு ப்ரீஆம்ப் தேடின கதை

மாமா வீட்டு பரண்ல இருந்து ஒரு க்வாட் 303 பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுற பெருக்கி) என் கைக்கு வந்துச்சு. "இங்க தூசிதான் படியுது, நீயாவது பாட்டு கேளுடா"ன்னு கொடுத்துட்டார். இங்கிலாந்துல ஹண்டிங்டன்ல செஞ்சது, 1967ல வந்த மாடல், 8 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 45 வாட். கூட இருந்த ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னாடி மாட்டுற, வால்யூம் கன்ட்ரோல் இருக்கிற பெட்டி) என்ன ஆச்சுன்னு மாமாவுக்கே ஞாபகம் இல்ல.

சரி, ஏதாவது ஒரு நல்ல ப்ரீஆம்ப் போதும்னு நினைச்சு ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல கொஞ்சம் புது மாடலா ஒண்ணு வாங்கினேன். மாட்டினா வால்யூமை லேசா திருகினதுமே வீடு அதிருது, ராத்திரி மெதுவா கேக்கலாம்னு குறைச்சா ஒரு பக்க ஸ்பீக்கர் பாடுது இன்னொண்ணு முணுமுணுக்குது (வால்யூம் கன்ட்ரோலோட ஆரம்ப இடத்துல ரெண்டு சேனலும் சரியா ஒத்துப்போகாது), பாட்டு இல்லாதப்போ உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வேற. நான் பாவம் 303ல தான் ஏதோ கோளாறுன்னு அதைத் திறந்து ஒரு வாரம் பார்த்துட்டு இருந்தேன்.

அதுல ஒரு குறையும் இல்ல. அப்புறம் தான் பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன், இதை முதல் நாளே போட்டிருக்கணும். 303 முழு பவர் கொடுக்க அரை வோல்ட் சிக்னல் போதும். என் டர்ன்டேபிள்ல இருக்கிற மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியோட ஆட்டத்தை சிக்னலா மாத்துற பாகம்) சுமாரா 5 மில்லிவோல்ட் தருது. அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்குற சாதாரண ஃபோனோ ஸ்டேஜ் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கும். 5 மில்லிவோல்ட் இன்டு 100, அரை வோல்ட். அவ்ளோதான், முடிஞ்சுது! ஃபோனோ ஸ்டேஜுக்கு அப்புறம் எனக்கு கெயினே (பெருக்கமே) வேண்டாம், ஆனா நான் வாங்கின பெட்டி அதுக்கு மேல இன்னும் பல மடங்கு பெருக்கிட்டு இருந்துச்சு.

அப்போ வெறும் ஃபோனோ ஸ்டேஜ், அதுக்குப் பின்னாடி ஒரு வால்யூம் கன்ட்ரோல், இது போதுமே? போதும், நானே ஒரு டப்பாவுல கட்டியும் பார்த்தேன். இப்படிக் கட்டுறவங்க 10 கே (கிலோ ஓம்) கன்ட்ரோல் போடுங்க, 100 கே வேண்டாம், ஏன்னா 303யோட இன்புட் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) 22 கே தான், 100 கே போட்டா நடு இடத்துல அதோட அவுட்புட் இம்பிடன்ஸ் 25 கே வரை ஏறிடும், சிக்னல் அங்கேயே பாதிக்கு மேல விழுந்துடும். வயரும் நீளமா விடாதீங்க. சத்தம் ரொம்ப சுத்தமா இருந்துச்சு, உண்மையிலேயே.

ஆனா என்கிட்ட இருக்கிறது அப்பா வாங்கி வச்ச ஹெச்எம்வி ஈபி (சின்ன சைஸ்) இசைத்தட்டுகள், பாதி மோனோ, எல்லாத்துலயும் கீறல். அவ்ளோ சுத்தமான சிஸ்டத்துல அந்தக் கரகரப்பும் சுத்தமா கேக்குது, அப்பா ரசிச்ச பாட்டை அப்படி கேக்க எனக்கு மனசு வரல. அதனால கடைசியில 303க்குன்னே பண்ணின க்வாட் 33 ப்ரீஆம்ப் தேடி வாங்கினேன். அதுல ஒரு ஃபில்டர் இருக்கு, 10, 7, 5 கிலோஹெர்ட்ஸ்னு மேல் ஸ்தாயியை வெட்டலாம், எவ்ளோ சரிவா வெட்டணும்னும் ஒரு நாப் இருக்கு. 7 கிலோஹெர்ட்ஸ்ல வச்சு மோனோ பட்டனை அமுக்கினா கரகரப்புல பெரும்பங்கு போயிடுது, குரல் அப்படியே நிக்குது. மோனோ தட்டுல பாட்டு ஊசியை பக்கவாட்டுல தான் ஆட்டும், தூசியும் தேய்மானமும் மேலயும் கீழயும் கூட ஆட்டும், ரெண்டு சேனலையும் கூட்டினா அந்த மேல்கீழ் ஆட்டம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும்.

33 வாங்குறவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. பழைய எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் எல்லாம் காஞ்சிருக்கும், மாத்திடுங்க. அப்புறம் அதோட ரேடியோ இன்புட் 100 மில்லிவோல்ட்டுக்கு பண்ணினது, சிடி ப்ளேயர் 2 வோல்ட் தரும், 20 மடங்கு அதிகம், நடுவுல ரெசிஸ்டர் வச்சு குறைக்காம நேரா மாட்டாதீங்க. பின்னாடி எல்லாம் DIN சாக்கெட் (வட்டமான, பல முள் இருக்கிற பழைய வகை), கேபிளை நானே சால்டர் பண்ணிக்கிட்டேன்.

போன ஞாயிறு மாமாவை வரச் சொல்லி ஒரு ஈபி போட்டேன். பாட்டு முடியுற வரைக்கும் பேசவே இல்ல. ஊசியைத் தூக்கினதும் "இன்னொரு பக்கம் போடு"ன்னார்.