நெல் நிற்கும்போதே உளுந்து

"சம்பாவில் என்ன மிஞ்சியது?" என்று யாராவது கேட்டால், சித்திரை வரட்டும், சொல்கிறேன் என்பேன். நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயலில் நெல்லுக்கும் உளுந்துக்கும் ஒரே கணக்கு நோட்டுதான். நாற்றங்கால், நடவு ஆள், உரம், அறுப்பு மிஷின் என்று கொடுத்தது போக நெல்லில் கையில் நிற்பது கொஞ்சம். உளுந்துக்கு உழவு இல்லை, பாசனம் இல்லை. விதை, தெளிப்பு, அறுப்புக் கூலி, அவ்வளவுதான் செலவு. நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 300 கிலோ வரை வரும். எங்கள் வீட்டுக் கடன் அடைவது அதில்தான்.

தை மாதம் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையை வீசிவிடுவோம். ஆடுதுறை 3 என்கிற உளுந்து ரகம், ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ. மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும்: கால் வைத்தால் தடம் பதியணும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகிவிடும். ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பிசறி, நிழலில் உலர்த்திவிட்டுத்தான் வீசுவது. மிஷின் அறுப்பு என்றால் பெல்ட் வண்டியாகப் பாருங்கள். டயர் வண்டி போன தடத்தில் முளை நசுங்கிவிடும்.

உரத்துக்கு வருகிறேன். உழாத நிலம், நாளுக்கு நாள் ஈரம் குறைகிறது. மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேராது. சம்பாவுக்கு அடியுரமாகப் போட்ட மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) மிச்சம் இருப்பதை எடுத்துத்தான் உளுந்து வளர்கிறது. அதனால் உரச் செலவை ஒரு பயிரின் தலையில் எழுதுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. தழைச்சத்தை (நைட்ரஜன்), ரைசோபியம் குடியிருக்கிற வேர் முடிச்சு பார்த்துக்கொள்ளும். ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

பூ எடுக்கும்போது ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிச் சாயங்காலம் தெளிப்போம். 15 நாள் கழித்து இன்னொரு தடவை. பூ கொட்டுவது குறைந்து காய் திரட்சியாக வரும்.

உளுந்து எடுத்த வயலில் கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிரைப் போட்டு, பூக்கும் சமயம் மடக்கி உழுகிறோம். அப்புறம் சம்பாவுக்கு யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு என்பதை இலை வண்ண அட்டையை வைத்துப் பார்ப்பேன்; நெல் இலையின் பச்சையை, அட்டையில் எண் போட்ட பச்சை நிறங்களோடு ஒப்பிடுவது. வெள்ளைப் பொன்னி நெல்லுக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பச்சை அதற்குக் கீழே இறங்கினால்தான் யூரியா மூட்டையைப் பிரிப்பது.

இதில் தனி ஆளாகச் சமாளிக்க முடியாதது மாடு. அறுப்பு முடிந்ததும் ஊரில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். நடுவில் ஒருத்தர் மட்டும் உளுந்து போட்டிருந்தால் மிஞ்சாது. பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து விதைத்தால், பங்குனி முடியும்வரை மாட்டைக் கட்டிப்போடச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் தைரியமாகக் கேட்கலாம்.