மழை மாசத்துல அதை எழுத மாட்டேன்

எழுதுனா மனசு லேசாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எழுதி முடிச்ச கையோட லேசாகாதுன்னு யாரும் சொல்றதில்ல. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், காலேஜ் பசங்கள நாலு நாள் தொடர்ந்து 15 நிமிஷம் அவங்க பட்ட கஷ்டத்த எழுத வச்சு பார்த்தாரு, 1986ல அந்த ஆராய்ச்சி வந்துச்சு. எழுதுன உடனே பசங்களுக்கு சோகம்தான் கூடிச்சு. அதுக்கப்புறம் வந்த மாசங்கள்லதான் அவங்க டாக்டர்கிட்ட போறது குறைஞ்சிருக்கு. இத படிச்ச பிறகுதான் எனக்கு ஒண்ணும் கோளாறு இல்லன்னு ஒரு நிம்மதி.

2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனாங்க இல்லையா, அதுல எங்க பெரியப்பாவும் ஒருத்தர். மழைன்னா பயம்னு சொன்னா எல்லாருக்கும் புரியுது. ஆனா என்னை ஆட்டி வைக்கிறது மழை இல்ல, புதுசா வெட்டுன செம்மண்ணோட வாசனை. வீடு கட்ட எவனாவது மேட்ட வெட்டுனா போதும், பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா அந்த வாசனை வந்தாலே கை வேர்க்கும், ஊட்டிக் குளிர்லயும்.

அதனால அதப் பத்தி எழுதறதுக்கு நேரம் பார்ப்பேன். எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைலதான் மழை வெளுத்து வாங்கும், அப்ப நோட்டையே தொடறதில்ல. மாசி பங்குனில, நல்ல வெயில்ல, அடுப்படியில அம்மா எதையாவது தாளிச்சிட்டு இருக்கப்ப பக்கத்துல உக்காந்து எழுதுவேன். ராத்திரி எழுதவே கூடாது, எழுதுனா தூக்கம் போச்சு. மொபைல்ல அலாரம் வச்சுக்குவேன், அடிச்சா பாதி வரியா இருந்தாலும் நிறுத்திட்டு செருப்பில்லாம சிமெண்ட் தரையில நிப்பேன், சில்லுனு ஏறும் பாருங்க, இப்ப எந்த வருஷத்துல இருக்கோம்னு உடம்புக்கு தெரிஞ்சிடும்.

மண் சரிஞ்ச அந்த ராத்திரிய நான் இன்னும் எழுதல. பெரியப்பா கேரட் மூட்டை கட்டுறது, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி லேட்டாச்சுன்னு கத்துறது எல்லாம் எழுதிட்டேன். ராத்திரி வர்ற இடத்துல அரைப் பக்கம் காலியா விட்டுட்டு நேரா மறுநாளுக்கு போயிட்டேன். தாங்காதுன்னு தோணுனா அந்த விஷயத்த எழுதாதீங்கன்னு பென்னிபேக்கரே சொல்லியிருக்காரு, தைரியமா எல்லாத்தையும் கொட்டுன்னு சொல்ற ஆளுங்க பேச்ச நான் கேக்கறதா இல்ல. சில பத்தி 'நான்' போடாம 'அந்தப் பொண்ணு'ன்னு எழுதுனா கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்க முடியுது. அதுக்கும் மேல நடுக்கம் நிக்கலன்னா நோட்ட மூடிட்டு ஆளுகிட்ட பேசணும். மனநல உதவிக்கு அரசாங்கம் நடத்துற போன் லைன் இருக்கு, டெலி மானஸ் 14416, காசில்ல, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

பெரியம்மாகிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிச்சேன், ஏன்னா இது என் கதை மட்டும் இல்ல. "எழுதிக்கோ சாமி, ஆனா எனக்கு படிச்சு மட்டும் காட்டாத"ன்னாங்க. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அவங்களே போன் பண்ணி, "அவருக்கு கோவம் ஜாஸ்தி, அதையும் எழுதிரு"ன்னாங்க.